அடியில்லாத கெண்டி

கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ என்ற ஊரில் கணிப்பொறிகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே, எத்தனையோ இயந்திரங்களுக்கு நடுவில், ஒரு வெள்ளைத் தேநீர்க் கெண்டியையும் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். 1975-ஆம் ஆண்டு வாக்கில் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மார்ட்டின் நியூவெல் என்பவர், கணிப்பொறியில் படம் போட்டுப் பார்க்க ஒரு பொருளைத் தேடினார். வீட்டிலிருக்கும் கெண்டியையே வரையலாமே என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவி. உடலும் மூக்கும் கைப்பிடியும் மூடியுமாக அதன் வளைவுகளையெல்லாம் அவர் எண்களாக்கினார். அடிப்பாகத்தை மட்டும் சேர்க்கவில்லை.

மேசைமேல் இருக்கும் கெண்டிக்கு அடி இருக்கிறதா என்று யார் குனிந்து பார்க்கிறார்கள்?

இந்தக் கதையை ஒரு நண்பரிடம் சொன்னேன். தணிக்கை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். இல்லாததை இருப்பதாகக் காட்டினால் அவருக்குப் பொறுக்காது. "அப்படியானால் அது ஏமாற்று வேலை" என்றார்.

நான் கெண்டியின் கட்சி பேசினேன். இன்று வீடுகளில் இருக்கும் உயர்தரத் திரை ஒன்றில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். விளையாட்டுப் படமென்றால் அத்தனையையும் நொடிக்கு 60 தடவை புதிதாகத் தீட்ட வேண்டும். எவ்வளவு வேகமான கருவியும் திணறும். அதனால் சிக்கனம் பழகுகிறது. நமக்கு முதுகு காட்டும் பக்கங்களைத் தொடாமலே ஒதுக்கிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் தொலைவைக் குறித்து வைத்துக்கொண்டு, தூணுக்குப் பின்னால் மறைந்ததைத் திரையில் ஏற்றாது. நாவலாசிரியனும் இதைத்தானே செய்கிறான்? திண்ணையில் நடக்கும் சண்டையை எழுதும்போது கொல்லைக் கிணற்றை நான் எழுதுவதில்லை. ஏமாந்தேன் என்று எந்த வாசகரும் சொன்னதில்லை.

நண்பர் யோசித்தார். "விட்டுவிடுவது சரி. இட்டு நிரப்புவது?" என்றார்.

அதுவும் நடக்கிறது. 2022-ல் என்விடியா கம்பெனி வெளியிட்ட ஒரு முறையில், கருவி இரண்டு படங்களைத் தீட்டிவிட்டு, இடையில் வரவேண்டிய ஒன்றைத் தானே ஊகித்துச் செருகுகிறது. 2025-ல் அப்படிச் செருகுவது மூன்று வரை ஆயிற்று. காணும் நான்கில் மூன்று ஊகம்! ஆனாலும் விளையாட்டில் ஓடும் குதிரை ஏற்கெனவே கற்பனைக் குதிரை; அதன் ஒரு தாவலை ஊகித்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்றேன்.

நண்பர் பேசாமல் உள்ளே போய் இரண்டு படங்களைக் கொண்டுவந்தார். ஒன்று அவருடைய தாயாரின் பழைய புகைப்படம். மங்கிப்போய், முகம் வெறும் நிழலாக இருந்தது. மற்றது அதையே ஒரு கடையில் கொடுத்துத் தெளிவாக்கி வாங்கியது. இமை மயிர்கூடத் தெரிந்தது.

"அம்மாவுக்கு முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு. இதில் இல்லை. இந்தக் கண்ணும் அம்மாவுடையதல்ல. என் பேத்தி இவளைத்தான் கொள்ளுப்பாட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்" என்றார்.

எனக்கு வாய் எழவில்லை.

அந்தக் கருவி எண்ணற்ற முகங்களைப் பார்த்துப் பழகியது. மங்கிய இடத்தில், முகமென்றால் பெரும்பாலும் எப்படி இருக்குமோ அப்படி வரைந்துவிட்டது. பெரும்பாலோருக்குத் தழும்பு இல்லை. ஆகவே அந்த அம்மாளுக்கும் இல்லாமல் போயிற்று. கருவியை நோவதில் பயனில்லை. எது படத்தில் இருந்தது, எது ஊகம் என்று கொடுத்தவர் சொல்லியிருக்க வேண்டும். குதிரையில் விளையாட்டாக இருந்த ஊகம், ஒரு தாயின் முகத்தில் பொய்ச்சாட்சி ஆகிவிட்டது.

மங்கலைக் குறை என்றே நினைத்திருந்தேன். 'இதற்குமேல் எனக்குத் தெரியாது' என்று பழைய படம் ஒப்புக்கொள்ளும் நாணயம் அது என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

நியூவெலின் கெண்டிக்குப் பிற்காலத்தில் வேறொருவர் அடி சேர்த்தார். அதில் தவறில்லை, அசல் கெண்டி இருக்கிறது, தூக்கிப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். நண்பரின் தாயார் போய் முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. எது எது என்று பேத்திக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.