தோற்றவர் எழுதிய கடிதம்

1993 ஜனவரி 20. அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து விடைபெற்ற சீனியர் ஜார்ஜ் புஷ், தம்மைத் தோற்கடித்த பில் கிளிண்டனுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். தம் கையாலேயே எழுதியது, ஒரே பக்கம். உங்கள் வெற்றி இனி நாட்டின் வெற்றி, உங்களுக்கு என் ஆதரவு உண்டு என்பது அதன் சாரம். பிரசார மேடையில் கிளிண்டனை ஏளனமாகப் பேசியவரும் இதே புஷ்தான்!

அரசர்களுக்காக ஜெபிக்கும்படி தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் பவுல். அந்த அரசர்களை எந்தச் சபையும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. நாம் ஓட்டுப் போடாதவர் ஜெயித்த வாரம், ஞாயிறு ஆராதனையில் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கும்போது தொண்டையில் ஏதோ அடைக்கிறது. அவருக்கு ஓட்டுப் போட்டவர் நம் பக்கத்திலேயே கண்மூடி நிற்கிறார். அந்த ஒரு நிமிடத்தில்தான் நம் விசுவாசம் சோதிக்கப்படுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஜெபிப்பதால் தவறைத் தட்டிக்கேட்கும் கடமை போய்விடாது. தாவீதின் முகத்துக்கு நேரே பேசியவர்தானே நாத்தான்?

சுனாமிக்குப் பிறகு, 2005 பிப்ரவரியில், புஷ்ஷும் கிளிண்டனும் சேர்ந்தே தாய்லாந்து, இந்தோனேசியா, இலங்கை, மாலத்தீவு என்று பாதிக்கப்பட்ட இடங்களுக்குப் போனார்கள். விமானத்தில் படுக்கை ஒன்றுதான் இருந்தது. பெரியவர் அதில் தூங்கட்டும் என்று சொல்லிவிட்டு, கிளிண்டன் தரையில் படுத்துக்கொண்டார்.