கைதட்டலுக்குப் பிறகு ஆறு மாதம்

முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதி, சித்தூர் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடப்பதில்லை. வாசலில் ஃபிளெக்ஸ் பேனர், அதில் கோட் போட்டு கைகட்டி நிற்பவரின் படம், மேலே தெலுங்கில் ‘வ்யக்தித்வ விகாஸம்’, அதாவது ஆளுமை வளர்ச்சி. உள்ளே மைக், பெரிய திரை, நெஞ்சு அதிரும் பாட்டு. இண்டர் முடித்த பையனும், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டும், கடை வைத்து நொடித்துப்போனவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து நிற்கச் சொன்னால் நிற்பார்கள். ‘என்னால் முடியும்’ என்று கத்தச் சொன்னால் கத்துவார்கள். சாயங்காலம் வெளியே வரும்போது அவர்கள் நடையே மாறியிருக்கும். அதில் நடிப்பு எதுவும் இல்லை. அந்த வேகம் எத்தனை நாள் தாங்கும், கட்டிய பணத்துக்குத் தகுமா என்பதுதான் கேள்வி.

இந்தப் பசி புதிதல்ல. தெலுங்கில் எண்டமூரி வீரேந்திரநாத் ‘விஜயானிகி ஐது மெட்லு’ எழுதி, நாவல் வாசகர்களை அப்படியே சுயமுன்னேற்றத்தின் பக்கம் திருப்பினார். மேஜிக் மேடையிலிருந்து ஆளுமைப் பயிற்சிக்கு வந்த பி.வி. பட்டாபிராமின் பேச்சைக் கேட்டு வளர்ந்தது ஒரு தலைமுறை. தமிழில் அப்துற் றஹீமின் ‘வாழ்க்கையில் வெற்றி’யும், எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ நூலும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இருந்தன. இரண்டு மொழியும் புழங்கும் சித்தூர்க்காரர்கள் இரண்டு பக்கமும் படித்தவர்கள். வழிகாட்ட வீட்டில் ஆள் இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, தன்னைப் போன்ற ஊரிலிருந்து வந்த ஒருவர் மேடையில் நின்று ‘நானும் இப்படித்தான் இருந்தேன்’ என்று சொல்வது சின்ன விஷயமில்லை. அந்தத் தேவையைக் கிண்டல் செய்பவர்கள் பெரும்பாலும் வேறெங்கோ அதைப் பெற்றுக்கொண்டவர்கள்.

ஆனால் மேடையின் சூட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. டோனி ராபின்ஸ் உலகப் புகழ்பெற்ற ஊக்கப் பேச்சாளர். கூட்டத்தின் உச்சகட்டமாக, வந்தவர்களைத் தணல்மேல் நடக்க வைப்பது அவர் வழக்கம். 2016 ஜூனில் டல்லாஸ் நகரத்தில் அப்படி நடந்தவர்களில் 30 பேருக்கு மேல் தீக்காயத்துக்குச் சிகிச்சை பெற்றார்கள். சித்தூர்ப் பக்கத்துத் தர்மராஜா கோயில்களிலும் திரௌபதியம்மன் கோயில்களிலும் தீமிதி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். சாம்பல் மூடிய தணல் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். கால் படும் நேரமும் மிகக் குறைவு. தயங்காமல் நடப்பவர்களில் பெரும்பாலோர் தப்பிப்பது அதனால்தான். அந்த நாலடி நடையைச் சான்றாகக் காட்டி, ‘இதைச் செய்தவனால் எதையும் செய்ய முடியும்’ என்று முடிப்பதில்தான் சறுக்கல். தணலைத் தாண்டிய கால் கடன் தவணையைத் தாண்டும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் ஒரு படிவம் தருவார்கள். ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டு ஐந்து நட்சத்திரம். ஏறக்குறைய எல்லோருமே நாலோ ஐந்தோ போடுவார்கள். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சிகளை அளக்க நாலு படிகள் சொன்னார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, எதையாவது கற்றார்களா, வேலைக்குத் திரும்பிய பின் நடத்தை மாறியதா, அதனால் பலன் ஏதும் விளைந்ததா என்பவை அந்த நாலு. மண்டப வாசலில் நிரப்பும் படிவம் முதல் படியோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது படியை அளக்க வேண்டுமானால் ஆறு மாதம் கழித்து அந்தப் பையனின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

அப்படிக் கதவைத் தட்டிய சோதனை ஒன்று இதே ஆந்திரத்தில் நடந்திருக்கிறது. ஹார்வர்ட் உளவியலாளர் டேவிட் மெக்கிளெலண்ட், சாதிக்க வேண்டும் என்ற உந்துதலைப் பெரியவர்களுக்கும் கற்றுத்தர முடியுமா என்று பார்க்க விரும்பினார். 1964-இல் காக்கிநாடா வியாபாரிகளைத் தொகுதி தொகுதியாக ஹைதராபாத்துக்கு வரவழைத்தார்கள். அங்கே சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தில் சுமார் பத்து நாள் பயிற்சி. படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொன்னார்கள். வளையம் எறியும் விளையாட்டும் உண்டு. எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பதை ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். கம்பத்தை ஒட்டி நின்றால் ஜெயித்ததில் பெருமை இல்லை, மிகத் தள்ளி நின்றால் எல்லாம் அதிர்ஷ்டத்தின் கையில். நடுவில் ஓர் இடம் இருக்கிறது, கொஞ்சம் முயன்றால் எட்டும் இடம். அதைத் தன் தொழிலில் கண்டுபிடிப்பதுதான் பாடம். அடுத்த இரண்டு வருஷத்துக்கான இலக்கை ஒவ்வொருவரும் எழுதி வைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

பிறகு கணக்கெடுத்தார்கள். பயிற்சி பெறாத வியாபாரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அடுத்த இரண்டு ஆண்டுகளில் புது முதலீடு, புதுத் தொழில் என்று சுறுசுறுப்பாக இறங்கியிருந்தார்கள். மற்றவர்களில் அது ஏறக்குறைய கால்வாசிதான். மெக்கிளெலண்டும் டேவிட் விண்டரும் 1969-இல் இதை நூலாகவே வெளியிட்டார்கள். அதில் இன்னொரு செய்தியும் இருந்தது. தொழிலில் முடிவெடுக்கும் அதிகாரம் கையில் இருந்தவர்களிடம்தான் மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. கை கட்டப்பட்டவருக்கு உற்சாகம் மட்டும் போதவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் இதைவிடக் கறாரான சோதனை நடந்தது. 2017-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வந்தது. தலைநகர் லோமேயில் 1500 சிறு வியாபாரிகளை மூன்று சம குழுக்களாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கணக்கு, விற்பனை என்று வழக்கமான வியாபாரப் பயிற்சி. இன்னொரு குழுவுக்குத் தானாக முன்வந்து செயல்படும் மனப்பழக்கத்தில் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. இரண்டரை ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், மனப்பழக்கம் பயின்றவர்களின் லாபம் சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்கு 11 சதவீதம். அதுவும் தற்செயல் என்று ஒதுக்கக்கூடிய அளவே. மோட்டிவேஷன் என்றாலே ஏமாற்று என்பவர்கள் இந்த முடிவைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

ஆனால் அந்தப் பயிற்சியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று அரைநாள் வகுப்பு, நாலு வாரம். அது முடிந்த பின் நாலு மாதம், மாதம் ஒருமுறை பயிற்சியாளரே கடைக்கு வந்து உட்கார்ந்து, சொன்னதைச் செய்தாயா, எங்கே தடுக்கிறது என்று கேட்டார். ஒருநாள் கூட்டத்தில் விடுபடுவது இந்தப் பகுதிதான். செலவு பிடிப்பதும், கைதட்டல் வாங்காததும் இதுதான்.

‘வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்துக்கொள்’ என்ற உபதேசம் எல்லா மேடையிலும் உண்டு. உளவியலாளர் காப்ரியேல் ஓட்டிங்கன் ஜெர்மனியில் படிப்பு முடித்து வேலை தேடும் இளைஞர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே விண்ணப்பம் போட்டிருந்தார்கள். கிடைத்த சம்பளமும் குறைவு. கனவிலேயே பாதி திருப்தி வந்துவிட்டால் கால் எப்படி நகரும்? ஆசையை நினைத்த கையோடு குறுக்கே நிற்கும் தடையையும் நினைக்க வேண்டும், அந்தத் தடை வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் சொல்லும் வழி. 2009-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் செய்த ஆய்வு இன்னும் சுருக்கென்று தைக்கும். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டபோது அவர்கள் மனநிலை மேலும் மோசமானது. யாருக்கு மருந்து அதிகம் தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை.

இனி பணம். வரதய்யபாளையம் இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 2019-இல் சித்தூர் மாவட்டம். கல்கி பகவான் என்று அழைக்கப்படும் விஜயகுமார் நிறுவிய அமைப்பு அங்கே பெரிய வளாகங்களில் தத்துவம், ஆன்மிகம், நல்வாழ்வு என்று தங்கிப் படிக்கும் வகுப்புகள் நடத்தியது, வெளிநாட்டவரும் வந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. ரொக்கம் 43.9 கோடி ரூபாய், சுமார் 25 லட்சம் அமெரிக்க டாலர், 88 கிலோ தங்கம், வைரங்கள் எல்லாம் கிடைத்ததாகவும், கணக்கில் காட்டாத வருமானம் 500 கோடியைத் தாண்டும் என்றும் துறை அறிவித்தது. அது துறையின் மதிப்பீடு. அங்கே போய் மன அமைதி கிடைத்தது என்று சொல்பவர்களின் அனுபவத்தை அது பொய்யாக்காது. ஆனால் மனத்தை மாற்றித் தரும் வகுப்பு என்பது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அதே பழைய சித்தூர் மாவட்டத்தில், 2022 வரை அதன் பகுதியாக இருந்த மதனப்பள்ளியில்தான் 1895-இல் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். உலக குருவாக வரப்போகிறவர் என்று அவருக்காகவே ஓர் அமைப்பு, சொத்து, பல நாடுகளில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் எல்லாம் தயாராக இருந்தன. 1929 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தின் ஓமன் முகாமில் அவர் அந்த அமைப்பையே கலைத்தார். உண்மையை எந்த நிறுவனமும் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட முடியாது என்பது அவர் வாதம். அதன் பிறகும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் பேசினார். ஆனால் வழிமுறை சொல்லுங்கள் என்று கேட்டவர்களுக்குக் கடைசிவரை ஐந்து படி, ஏழு படி என்று எதுவும் எழுதித் தரவில்லை. இந்த மண்ணில் கூட்டம் சேர்த்தவர்களும் உண்டு, கூடிய கூட்டத்தைக் கலைத்தவரும் உண்டு.

கட்டணமே இல்லாத கூட்டங்களில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஓட்டல் அரங்கம், டீ, பிஸ்கட், கார் வாங்கியவரின் கதை என்று தொடங்கி, கடைசி அரைமணியில் ‘உங்களுக்குக் கீழே நாலு பேரைச் சேருங்கள்’ என்று முடிந்தால் அங்கே தன்னம்பிக்கை வெறும் தூண்டில். ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டங்களுக்கு இடம் தரவில்லை. சட்டம் இருந்தும் ஆள் சிக்குவதற்குக் காரணம், சந்தேகப்படுவதையே ‘நெகட்டிவ் மைண்ட்செட்’ என்று முதல் மணி நேரத்திலேயே முத்திரை குத்திவிடுவதுதான்.

அந்த முத்திரைக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. 2025 கோடையில் சித்தூர் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை சரிந்து, மாம்பழக்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நின்றன. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு மானியம் 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று அரசு முடிவு செய்ய வேண்டி வந்தது. அந்த வரிசையில் நின்ற விவசாயிக்கு மனோபாவத்தில் என்ன குறை? எல்லாம் உன் மனசில்தான் இருக்கிறது என்று அவரிடம் சொல்வது ஆறுதலும் ஆகாது, நியாயமும் ஆகாது. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், உயிர்மேல் வெறுப்பு வந்தவருக்கும் மேடைப் பேச்சு மருந்தல்ல. அவருக்கு டாக்டர் வேண்டும். அரசின் டெலி-மானஸ் எண் 14416-ஐ இலவசமாக அழைக்கலாம். தெலுங்கிலும் தமிழிலும் பேசலாம்.

அப்படியானால் எதற்குப் போகலாம்? டேல் கார்னகி 1912-இல் நியூயார்க்கில் ஒய்.எம்.சி.ஏ. மாலை வகுப்பில் தொடங்கியபோது, பேச வைத்திருந்த சரக்கு தீர்ந்துபோய் மாணவர்களையே எழுந்து பேசச் சொன்னார். கூச்சம் விட்டுப்போனது, வகுப்பு பிடித்துக்கொண்டது. மேடையில் பேசுவது, ஆங்கிலம், நேர்முகத் தேர்வு, கடைக் கணக்கு என்று ஒரே ஒரு திறமையை எடுத்துக்கொண்டு, வருபவரைக் கேட்க வைக்காமல் செய்ய வைக்கும் வகுப்புக்குப் பணம் கட்டலாம். சித்தூர் கிராமங்களின் ட்வாக்ரா மகளிர் சங்கங்களில் மைக்கும் கிடையாது, பாட்டும் கிடையாது. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுதல், கணக்குப் புத்தகம் என்று ஐந்து விதி. பணம் கட்டவில்லையென்றால் அடுத்த கூட்டத்தில் ‘ஏன்க்கா கட்டல?’ என்று கேட்க ஆள் இருக்கிறது.

ஐம்பது, நூறு ரூபாய்க்கு நல்ல பேச்சாளர் வந்தால் பட்டிமன்றத்துக்குப் போவதுபோலப் போய்விட்டு வரலாம். ஒருநாள் சந்தோஷம் குற்றமில்லை. ஆயிரக்கணக்கில் கேட்டால் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன கற்றுத் தருவீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா? வகுப்பில் நாங்கள் செய்யும் நேரம் எவ்வளவு, நீங்கள் பேசும் நேரம் எவ்வளவு? ஆறு மாதம் கழித்து எங்களை யார் வந்து பார்ப்பார்கள்? மூன்றாவது கேள்விக்கு ‘அடுத்த லெவல் புரோகிராம் இருக்கிறது, இன்றே சேர்ந்தால் தள்ளுபடி’ என்று பதில் வந்தால், பர்ஸை உள்ளே வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம்.