சிலைக்கு முன்னால் ஒரு கொப்பி

என்னிடம் பதினொரு சித்திரக் கொப்பிகள் இருக்கின்றன. அவற்றுள் ஏழு மேசையில் கிடக்கின்றன. குளக்கட்டு, மருதமரம், பழைய பள்ளிவாசலின் மினாரா, சேற்றில் படுத்திருக்கும் எருமை என்று வீட்டுக்கு வருபவர் யாரும் புரட்டிப் பார்க்கலாம். (எருமையும் உயிருள்ளதுதானே என்று இதுவரை எவரும் கேட்டதில்லை.) மற்ற நான்கு கொப்பிகளும் அலுமாரியின் மேல்தட்டில் உடுப்புகளுக்குக் கீழே இருக்கின்றன. அவற்றில் இருப்பவை சிலைகள்.

ஒரு வேலையை ஒருவன் இருபது வருடமாக மறைத்து மறைத்துச் செய்துவந்தால், ஒன்றில் அந்த வேலை பிழை, அல்லது மறைப்பது பிழை. எது பிழை என்று என்னை நானே கேட்டுக்கொண்டதன் விளைவே இக்கட்டுரை.

ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் சித்திரப்பாட விரிவுரையாளர் ஒருவர் எங்களை அநுராதபுரத்துக்கு அழைத்துச் சென்றார். மகாமெவ்னா பூங்காவில் சமாதிச் சிலைக்கு எதிரே உட்காரவைத்து, கமரா கொண்டு வந்தவர்களை அதைப் பைக்குள் போடச் சொன்னார். இரண்டு மணித்தியாலம் கீறுங்கள், பேசாதீர்கள் என்றார். முதல் அரைமணியும் எனக்கு அலுப்பு. அதன் பிறகுதான் கண் வேலை செய்யத் தொடங்கியது. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் பெருவிரலை நகர்த்தித் தலையின் உயரத்தை அளந்து, அது உடலில் எத்தனை தடவை அடங்குகிறது என்று பார்த்தேன். முழங்காலுக்கு முழங்கால் உள்ள அகலத்தை அளந்தேன். தோளில் புறப்பட்டு மடியில் கிடக்கும் கைவரை இறங்கும் கோடு ஒரே கோடு. ஆடை இருக்கிறது, மடிப்பு இல்லை. ஏழடிக்குச் சற்று மேலான சுண்ணக்கல்லில், சுமார் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், எந்த இடத்தில் உளியை நிறுத்த வேண்டும் என்று ஒரு மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கோ அழிறப்பர் தேய்ந்து தீர்ந்துவிட்டது.

மூன்று பக்கமிருந்தும் பார்த்தால் முகம் மூன்று விதமாகத் தெரியும் என்று அங்கு வழிகாட்டிகள் சொல்வார்கள். பின்னாளில் தனியே சென்று மூன்று பக்கமும் இருந்து கீறிப் பார்த்தேன். பொய்யில்லை. மரங்களுக்கிடையால் வரும் வெளிச்சம் நகர நகர, உதட்டோரத்து நிழலும் நகர்கிறது. ஜவஹர்லால் நேரு டெஹ்ராடூன் சிறையில் இருந்தபோது, அநுராதபுரத்தில் தான் கண்டு விரும்பிய அமர்ந்த புத்தர் சிலையொன்றின் படத்தை மேசையில் வைத்திருந்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அது இந்தச் சிலைதான் என்பர். அவரும் அதைக் கும்பிட்டவரல்லர்.

விடயம் ஊருக்குத் தெரியவந்தது. ஒரு நாள் அஸருக்குப் பின்னர் எங்கள் ஹஸ்ரத் மெதுவாகக் கேட்டார்.

“மாஸ்டர், நீங்க சிலை கீறுறீங்களாம், மெய்தானா?”

“ஓம் ஹஸ்ரத்.”

“கும்பிடுறதுக்கில்லத்தானே?”

“அல்லாஹ் காப்பாத்தணும், இல்ல.”

“அப்ப எதுக்கு?”

ஏசுவார் என்று எதிர்பார்த்து ஆயத்தமாயிருந்தேன். “எதுக்கு” என்பதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

உயிருள்ளவற்றின் உருவத்தை ஆக்குவது பற்றி நம் மார்க்கத்தில் உள்ள எச்சரிக்கையை நான் இலேசாக எடுப்பவனல்லன். நாம் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் அது கண்டிப்பாகவே சொல்லப்பட்டிருக்கிறது. நிழல் விழும் உருவத்துக்கும் தாளில் கீறியதற்கும் வேறுபாடு காட்டிய அறிஞர்களும் உளர். 1905இல் மறைந்த எகிப்தின் முப்தி முஹம்மது அப்துஹு, சிசிலியில் படங்களும் சிலைகளும் பேணப்படுவதைக் கண்டுவிட்டு, பழங்கவிதையை அறபிகள் ஏன் பேணினார்களோ அதே காரணத்துக்காகவே இவர்கள் இவற்றைப் பேணுகிறார்கள் என்ற கருத்தில் எழுதினார். எல்லோரும் அவரை ஏற்கவில்லை. நானும் அவரை ஒரு அனுமதிச் சீட்டாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் அறிஞரல்லர். ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். திறப்பு விழாவில் தேசாதிபதி கிரெகரி, உமக்கு என்ன கௌரவம் வேண்டும் என்று கேட்க, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவைக்க வேண்டும் என்று அவர் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. அப்படியே பல்லாண்டு காலம் வெள்ளிக்கிழமைகளில் அது மூடியிருந்தது. புத்தரும் நடராசரும் குடியிருக்கப்போகும் வீட்டை ஒரு முஸ்லிம் கட்டினார். சுவர் கோணாமல் கட்டினார். தன் ஜும்ஆவையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டுக்கும் இடையில் அவர் மனம் தடுமாறியதாக எந்தக் கதையும் இல்லை.

அந்த நூதனசாலையின் நுழைவாயில் மண்டபத்தில் தொளுவிலப் புத்தர் இருக்கக் கீறியிருக்கிறேன். அதுவும் அநுராதபுரத்துக் கல்தான்; சமாதிச் சிலையின் அதே இருப்பு, அதே மடித்த கைகள். அதை மதியம் வரை கீறினாலும் என் மனம் உறுத்துவதில்லை. பூங்காவில் மட்டும் உறுத்துகிறது. இங்கே பூ இல்லை, அங்கே பூ இருக்கிறது. ஆகவே உறுத்தலுக்குக் காரணம் கல்லல்ல, கல்லைச் சுற்றி நிற்கும் மனிதர்கள்.

இது எனக்கு விளங்கியது ஒரு போயா நாளை அடுத்த காலையில். பள்ளிக்குள் தொப்பி போடுவது நமக்கு மரியாதை. அங்கே தலையில் உள்ளதைக் கழற்றுவது மரியாதை. தொப்பியைப் பைக்குள் வைத்துவிட்டு, வெறுங்காலுடன் நேரெதிரே நின்று, வழக்கம்போல ஒரு கண்ணை மூடிப் பென்சிலை முகத்துக்கு நேரே நீட்டி அளந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்: “புத்தா, பொட்டக் அயின் வென்ன.” மகன், கொஞ்சம் விலகுங்கள். வெள்ளைச் சேலை உடுத்த ஒரு மூதாட்டி. கையில் தாமரைப் பூத்தட்டு. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. பூவிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் காலடி மணலை நனைத்திருந்தது.

விலகினேன். அவர் கோபிக்கவில்லை. கும்பிட்டு எழுந்து என் கொப்பியை எட்டிப் பார்த்து, நல்லாயிருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். அன்று அதற்கு மேல் ஒரு கோடு கூட என்னால் இழுக்க முடியவில்லை.

அதுவரை நான் கேட்ட கேள்விகள் எல்லாம் என்னைப் பற்றியவை. எனக்கு இது ஆகுமா, ஆகாதா? என் நிய்யத் சுத்தமா? எனக்கு நானே தீர்ப்பும் வழங்கிவிட்டேன்: நான் வடிவத்தைத்தான் பார்க்கிறேன், தெய்வமாக எடுக்கவில்லை. என்னைக் காப்பாற்றிய அதே வாதம் அந்த மூதாட்டியின் முன்னால் என்னைக் குற்றவாளியாக்கியது. அவருக்கு அது வடிவமல்ல. அவர் வணங்கும் முகத்தை நான் பென்சிலால் குத்தி அளந்துகொண்டிருந்தேன். நம் பள்ளிவாசலில் ஒருவர் ஸுஜூதில் இருக்கையில், முதுகின் வளைவு அழகாயிருக்கிறதென்று அந்நியர் ஒருவர் முன்னால் குந்தியிருந்து கீறினால் நமக்கு எப்படியிருக்கும்? கீறுபவரின் நிய்யத்தை நாம் விசாரிப்போமா?

2001 மார்ச்சில் பாமியானில் வெடிவைத்தவர்கள் கல்லை மட்டுமே கண்டார்கள். நான் கோட்டை மட்டுமே கண்டேன். இரண்டும் ஒன்றல்ல, ஒன்றென்று சொன்னால் அது எனக்கு நானே செய்யும் அநியாயம். ஆனாலும் இரண்டிலும் அந்த மூதாட்டி இல்லை.

2018 டிசம்பரில் மாவனெல்லைப் பக்கம் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. நான்கு மாதத்தில் ஏப்ரல் குண்டுவெடிப்புகள். அதன் பின்னர் தாடி வைத்த ஒருவன் சிலைக்கு முன்னால் அளவெடுத்துக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கொப்பிகள் மேல்தட்டுக்குப் போனது அப்போதுதான் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் மூன்று கொப்பிகள் அதற்கு முன்பே அங்கே இருந்தன. அவற்றை ஊருக்குப் பயந்து ஒளித்தேன். நாலாவதை நாட்டுக்குப் பயந்து.

2023இல் ஒன்பதாம் தரப் பிள்ளைகளைக் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிச் சென்றேன். கொப்பி எடுத்துவரச் சொல்லியிருந்தேன். கட்டாயமில்லை என்றும் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி அவலோகிதேஸ்வரர் சிலையொன்றின் முன் வெகுநேரம் இருந்து கீறினாள். முடிவில் வந்து கேட்டாள்: “சேர், கண்ணக் கீறலாமா? வாப்பா கண் கீற வேணாமெண்டு சொல்லியிருக்கார்.”

சிங்களக் கைவினைஞர் மரபில் புத்தர் சிலைக்குக் கடைசியாகவே கண் திறப்பார்கள். அப்போது அந்த ஓவியர் சிலையை நேரே பார்ப்பதில்லை. முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் பார்த்தே தீட்டுவார். இதை அவளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்ப அவங்களுக்கும் கண்தான் பயமா சேர்?” என்றாள்.

கண்ணை அவள் கீறவில்லை. மற்றதெல்லாம் கீறியிருந்தாள், அணிகலனின் மணிகள் உட்பட. அந்தத் தாளை வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.