புண்ணிய காலம் தவறினால் சாமிக் குற்றமா?

கேள்வி: நான் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். மூத்த மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் பிள்ளையை நான்தான் வளர்க்கிறேன். மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். இந்தச் சித்திரை வருசத்துக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. கோயிலில் மருத்துநீர் வாங்கிப் போத்தலில் வைத்திருந்தேன். புண்ணிய காலத்துக்குள் தலையில் வைக்க முடியவில்லை. பேரனுக்குக் கடுமையான காய்ச்சல், அவனைத் தூக்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டேன். பொங்கவும் இல்லை, கைவிசேடம் கொடுக்கவும் இல்லை. போன கார்த்திகை மழையில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் சரிந்தது. முறை தவறி நடப்பதால் வந்த சாமிக் குற்றம் அது, இந்த வருசமும் விட்டுவிட்டாய், பரிகாரம் செய் என்கிறார்கள் லயத்துப் பெரியவர்கள். மகனோ, இருநூறு வருசமாகக் கும்பிட்டு என்னத்தைக் கண்டோம் என்கிறான். நான் யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு தாய், பசறை

பதில்: அம்மா, குற்றம் ஒன்றும் இல்லை. முதலில் இதை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காரணங்களைப் பிறகு ஆறுதலாகப் படிக்கலாம். உங்களைத் தேற்றுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் எடுத்துக் காட்டும் பஞ்சாங்கத்தையே பாருங்கள். வருடம் பிறக்கும் நேரம் ஒரு கணம்தான். ஆனால் அதற்கு முன்னே நான்கு மணித்தியாலம், பின்னே நான்கு மணித்தியாலம் சேர்த்து எட்டு மணித்தியாலத்தைப் புண்ணிய காலம் என்று வைத்திருக்கிறார்கள். கைவிசேடத்துக்கோ ஒரே நேரம் குறிப்பதில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் இரண்டு மூன்று நேரங்கள் போட்டிருக்கும். வீடு என்றால் அதில் நோயாளி இருப்பார், வேலைக்குப் போனவர் இருப்பார், வழியில் மாட்டிக்கொண்டவர் இருப்பார் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது. அதோடு வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்கிறது, திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்கிறது. ஒன்று முன்னோர் வாக்கியங்களை வைத்துக் கணிப்பது, மற்றது கோள்களின் நிலையைக் கண்டு திருத்திக்கொண்டது. இலங்கையில் இரண்டையும் பின்பற்றும் கோயில்கள் உண்டு, குடும்பங்களும் உண்டு. பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் சிங்களக் குடும்பங்கள் அதே சித்திரையில் நெகத் என்னும் தங்கள் சுப நேரத்துக்கு அடுப்பு மூட்டுகிறார்கள். நிமிடம் பிசகினால் தெய்வம் தண்டிக்கும் என்றால், இவர்களில் ஒரு பகுதியினராவது வருடா வருடம் தண்டனை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி யாரும் சொல்வதில்லை.

மருத்துநீரையும் எடுத்துக்கொள்வோம். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, கோரோசனை, பால், மஞ்சள், திப்பிலி, சுக்கு என்று அதற்குப் பட்டியல் உண்டு. அது தாமரைக் குளமும் தாழம் புதரும் உள்ள சமவெளிக்கு எழுதிய பட்டியல். ஹப்புத்தளைக் குளிரிலும் நமுனுகுல மலைச் சரிவிலும் அவற்றில் பாதிக்கு மேல் கண்ணில் படாது. அதற்காக ஊவாத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக மருத்துநீர் வைத்தவர்களின் வருடப் பிறப்பு பொய்யாகிவிட்டதா? கிடைத்த பூவையும் இலையையும் போட்டு, காய்ச்சி, மூத்தவர் கையால் தலையில் தொட்டு வைத்தார்கள், அதுவே முறையாயிற்று. கும்பிட்ட சாமிகளும் இப்படி வந்தவர்கள்தாம். தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் இறங்கிக் காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து, வழியில் காலராவுக்கும் பசிக்கும் உறவுகளைப் பறிகொடுத்து மலை ஏறியவர்கள் ஆகம விதிப்படி கோயில் எழுப்பும் நிலையில் இருக்கவில்லை. மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், அதுவே மாரியம்மன், அதுவே முனியாண்டி. கொழுந்து அரைக்கும் ஸ்டோரின் சக்கரத்தில் கை போகாமல் காக்க ரோதை முனியைக் கும்பிட்டார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி காலில் இறங்காமல் இருக்கக் கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்டார்கள். எந்தச் சாஸ்திரத்திலும் இந்தப் பெயர்கள் இல்லை. மனிதர் உயிரைப் பணயம் வைத்து உழைத்த இடத்துக்கே தெய்வம் வந்து நின்றது என்பதுதான் மலையகத்து மக்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பிறந்த ஒருவர், பிள்ளையின் உயிரைக் காக்க ஓடியதற்காகத் தெய்வம் கோபித்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஊவா மாகாணத்தின் பெரிய தலமும் இந்த நம்பிக்கைக்குச் சாட்சி. கதிர்காமத்திலும் ஆகம முறை இல்லை: மூலத்தானத்தில் நாம் காணும் சிலை இல்லை, திரைதான். பூசகரான கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். அங்கே முருகனோடு சேர்த்துக் கும்பிடப்படும் வள்ளியம்மை தினைப்புனம் காத்த பெண். அவள் காவலை விட்டுவிட்டுக் கோயிலுக்கு வரட்டும் என்று முருகன் காத்திருக்கவில்லை. வேடனாகவும் கிழவனாகவும் வேடம் போட்டுக்கொண்டு அவள் வேலை செய்த புனத்துக்கே போனான் என்பதுதான் கதை.

இது ஓர் ஊரின் வழக்கம் என்று யாராவது தள்ளிவிடலாம். ஆகவே சைவத்தின் நடுவிலிருந்தே இரண்டு சான்று காட்டுகிறேன். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் பூசலார் திருநின்றவூரைச் சேர்ந்தவர். கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. கேட்டும் கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, அத்திவாரம் இட்டு, மதில் எழுப்பி, குளம் தோண்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் பல்லவ மன்னனும் தான் கட்டிய கற்கோயிலுக்கு அதே நாளைக் குறித்திருந்தான். இறைவன் கனவில் வந்து மன்னனிடம், நீ வேறு நாள் பார், அன்றைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். சோதிடரும் படையும் பொன்னும் கூடிக் குறித்த முகூர்த்தம் தள்ளிப்போயிற்று. இல்லாதவர் குறித்த நேரம் நிலைத்தது. நல்ல நேரத்தைப் பற்றி நம் சமயத்தில் இதைவிடத் தெளிவான தீர்ப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மற்றது திருச்சிராப்பள்ளிக் கதை. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை என்று புறப்பட்டு வந்தவர்கள்தான் மலையகத்தின் பாட்டன் பூட்டன்மார், ஆகவே இது உங்களுக்கு அந்நியமான கதை இல்லை. அந்த ஊரில் நிறைமாதமாக இருந்த ரத்னாவதி என்ற பெண்ணின் பேறுகாலத்துக்குத் துணையிருக்க, அவள் தாய் பூம்புகாரிலிருந்து மருந்தும் பண்டமும் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். காவிரியில் வெள்ளம். அக்கரையில் நின்றுவிட்டாள். வலி எடுத்த நேரத்தில் இறைவனே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிள்ளைப்பேறு பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வாசலுக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நேரத்துக்கு வராமல் போன அந்தத் தாயை இறைவன் ஒரு வார்த்தை கடிந்ததாகக் கதையில் இல்லை. அவள் நிற்க வேண்டிய இடத்தில் தாம் நின்றார், அவ்வளவுதான். மலைக்கோட்டையில் இன்றும் கர்ப்பிணிகள் வாழைத்தார் நேர்ந்துகொண்டு கும்பிடும் தாயுமானவர் அவர்தான். இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். உங்கள் மகளுக்கும் அவள் பிள்ளைக்கும் நடுவில் காவிரிக்குப் பதிலாகக் கடல் கிடக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்த நேரத்தில் அவள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றவர் நீங்கள். சிராப்பள்ளியில் இறைவன் செய்த காரியம் எதுவோ அதைத்தான் அன்று நீங்கள் செய்தீர்கள். அதைச் சாமிக் குற்றம் என்பவர்கள் எந்தச் சாமியைச் சொல்கிறார்கள்?

அடியார்களின் கதையை நம்மைப் போன்ற சாதாரண மனிதருக்குப் பொருத்தலாமா என்று ஒரு கேள்வி வரும். ரத்னாவதியின் தாய் அடியாரும் இல்லை, தவசியும் இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு மகளைப் பார்க்க வந்த ஒரு தாய். இன்னொரு கேள்வி கொஞ்சம் கடினமானது: அப்படியானால் நேரமும் முறையும் எதற்கு, எல்லோரும் விட்டுவிடலாமே? அதை நான் ஒப்பமாட்டேன். முடியாமல் போனது வேறு, முடிந்தும் அலட்சியமாக விட்டது வேறு. ஒரு மகன் கொழும்பில், ஒரு மகள் வளைகுடாவில், தாய் தோட்டத்தில் என்று சிதறிக் கிடக்கும் குடும்பங்களை ஒரே அடுப்படிக்குக் கூட்டி வருவது வருடத்தில் இரண்டு மூன்று நாட்கள்தான். அந்த நாளுக்கு ஒரு குறித்த நேரம் இல்லாவிட்டால் அவரவர் வசதிப்படி தள்ளித் தள்ளிக் கடைசியில் யாரும் கூட மாட்டார்கள். மூத்தவர் கை இளையவர் தலையில் படவும், வெற்றிலையில் பாக்கும் நெல்லும் காசும் வைத்துக் கொடுக்கவும் வாங்கவும் அந்த நேரம் வேண்டும். ஆகவே இந்த வருடம் உங்களுக்கு ஓர் இழப்பு நேர்ந்தது உண்மை. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் இழப்பைக் குற்றமாக்கி அதை இழந்தவர் தலையிலேயே சுமத்துவது அநியாயம். நம் குடும்பங்களில் அந்தச் சுமை எப்போதும் தாயின் தலையில்தான் வந்து விழுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விடியுமுன் எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடி, நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வருகிறவள், வீட்டில் யார் விரதம் முறிந்தாலும் தான்தான் பொறுப்பு என்று நினைத்துக்கொள்கிறாள். அப்படி நினைக்கச் சொல்லி எந்த ஆகமமும் அவளுக்குக் கட்டளை இடவில்லை.

மண் சரிந்ததற்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது உங்களுக்கு மறந்திருக்காது. அந்த வருடம் தீபாவளி ஒக்டோபர் 22. ஒரு வாரம் முன்னால்தான் அந்த லயங்களில் விளக்கேற்றி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, படைத்துக் கும்பிட்டிருந்தார்கள். முறை செய்தவர்களை மண் மூடியது என்றால், முறை செய்யாததால் மண் சரிகிறது என்ற கணக்கு அங்கேயே உடைந்துபோகிறது. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் பதுளை மாவட்டம் முழுவதும் சரிந்தது நீர் ஊறிய மலைதான். அந்த மழை கோயிலுக்கு ஒழுங்காக வரி கட்டியவர் வீட்டையும் கட்டாதவர் வீட்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. சாமிக் குற்றம் என்று சொல்லும்போது இரண்டு தவறு நடக்கிறது: இறந்தவர்களைக் குற்றவாளிகள் ஆக்குகிறோம், லயத்தை அந்தச் சரிவின் அடியில் கட்டிவைத்தவர்களையும் எச்சரிக்கையைக் கேட்டும் சும்மா இருந்தவர்களையும் விடுவிக்கிறோம்.

உங்கள் மகனைக் கோபிக்காதீர்கள். அவன் கேட்டது நியாயமான கேள்வி. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனபோதும், 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு இங்கே இத்தனை பேர், அங்கே இத்தனை பேர் என்று குடும்பங்களைப் பிரித்தபோதும் தோட்டந்தோறும் கோயில் இருந்தது, பூசை நடந்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது 2021இல், பல வருடக் கோரிக்கைக்குப் பிறகு. அது பொங்கல் வைத்துக் கிடைத்தது இல்லை, கேட்டுக் கிடைத்தது. இதில் அவனோடு எனக்கு வாதம் இல்லை. ஆனால் கேட்டவர்கள் யார்? 1940இல் பதுளைப் பக்கம் வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்து, தாங்களே தேர்ந்தெடுத்த குழுவோடு கலந்து பேசித்தான் தோட்டத்தை நடத்த வேண்டும் என்று துரையை ஒப்புக்கொள்ள வைத்தவர்கள், மரத்தடிக் கல்லைக் கும்பிட்ட அதே மக்கள்தானே. செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் ஒரு பேர், இல்லாவிட்டால் அரைப்பேர் என்று எண்ணப்பட்டவர்களுக்குத் தாங்கள் முழு மனிதர் என்ற நினைப்பு அறுந்துபோகாமல் இருந்ததில், தேர் இழுத்த நாளுக்கும் காமன் கூத்து ஆடிய இரவுக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். சம்பளம் வாங்கித் தருவது தெய்வத்தின் வேலை என்று அந்த முன்னோர் நினைக்கவில்லை. அவன் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது இதைச் சொல்லுங்கள். கேட்டால் கேட்கட்டும், கும்பிடு என்று வற்புறுத்த வேண்டாம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. போத்தலில் இருக்கும் மருத்துநீரைத் துளசியடியில் ஊற்றிவிடுங்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. மகன் எந்த நாளில் வந்தாலும் குளித்துவிட்டு வரச் சொல்லி, சாமி படத்துக்கு முன்னால் வெற்றிலையில் காசு வைத்துக் கைவிசேடம் கொடுங்கள். மகளுக்கு உரியதை மஞ்சள் துணியில் முடிந்து வையுங்கள், அவள் வரும்போது வாங்கிக்கொள்ளட்டும். போனில் பேசும்போது ஆசீர்வாதம் சொல்லுங்கள், பேரனின் காய்ச்சலை நினைத்து அவளும் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருப்பாள். பரிகாரத்துக்கென்று கடன் வாங்காதீர்கள். தீபாவளி முற்பணத்தை மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுகிறார்கள், வாராந்தம் கட்டும் நுண்கடனில் எத்தனையோ வீடுகள் மூழ்கிக் கிடக்கின்றன, இதற்கு மேல் ஒரு யாகத்துக்குக் கடன்படச் சொல்வது ஆன்மிகம் ஆகாது. வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு போதும்.

லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டைப் பகலில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, அடைந்து கிடக்கும் வடிகான், இவற்றில் எது தெரிந்தாலும் தோட்ட அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் எழுத்தில் கொடுங்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பதுளையிலும் அலுவலகம் இருக்கிறது, அங்கேயும் ஒன்று அனுப்புங்கள். கடிதத்தில் லயத்தில் உள்ள எல்லா வீட்டாரும் கையெழுத்து வைக்கட்டும், பரிகாரம் சொன்ன பெரியவர்கள் முதல் கையெழுத்தாக. ஒரு பிரதியைத் திகதி போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் மழை விடாமல் பெய்து பயமாக இருந்தால் பிள்ளையோடு வெளியேறிவிடுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.