இரைச்சலும் குரலும்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோவிலின் அருகே வந்து நிற்கும் பயணிக்கு அலையோசை வெறும் பேரிரைச்சல். அக்கரையிலேயே பிறந்து வளர்ந்த மீனவருக்கோ அது காற்றின் போக்கையும் கடலின் நிலையையும் சொல்லும் செய்தி. ஓசை ஒன்றுதான், கேட்பவர்தாம் வேறு. அப்படியானால் இரைச்சல் என்பது ஓசையில் இருக்கிறதா, கேட்பவரிடத்தில் இருக்கிறதா? இது செவியைப் பற்றிய கேள்வியன்று. மனச்சான்றைப் பற்றிய கேள்வி.

அதே கரையில் தெற்கே சிறிது தொலைவில் கல்பாக்கம் இருக்கிறது. அங்கே 1971இல் தொடங்கப்பெற்று, 1985இல் இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பெற்ற அணு ஆராய்ச்சி மையத்தில், மனிதனின் இதயமும் மூளையும் எழுப்பும் காந்தப்புலத்தை அளக்கும் ஆய்வகம் ஒன்றும் உண்டு. இதயத்தின் காந்தப்புலம் பூமியினுடையதில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூளையினுடையது அதனினும் பன்மடங்கு நுண்ணியது. இவற்றை உணரும் கருவிக்கு ஸ்குவிட் என்று பெயர். நியோபியம் என்னும் உலோகத்தை, திரவ ஹீலியத்தில் சுழியத்திற்குக் கீழ் 269 பாகை வரை குளிர்விக்கிறார்கள். அந்நிலையில் எலக்ட்ரான்கள் இணை இணையாகச் சேர்ந்து தடையின்றி ஓடுகின்றன. இடையிலுள்ள மெல்லிய தடுப்பையும் ஊடுருவிக் கடக்கின்றன. இவ்விந்தையை 1962இல் முன்னுரைத்தபோது ஜோசப்சனுக்கு வயது 22.

இத்துணை நுண்ணிய கருவிக்கு உலகமே பகை. மின்கம்பியும், மின்தூக்கியும், சாலையில் செல்லும் ஊர்தியும் அதனைக் குழப்பும். ஆகவே காந்தக் கவசமிட்ட அறைக்குள் அதனை வைக்கிறார்கள். அதுவும் போதாதென்று, எதிரெதிர்த் திசையில் சுற்றிய கம்பிச் சுருள்களைப் பொருத்துகிறார்கள். தொலைவிலிருந்து வரும் புலம் அச்சுருள்களைச் சமமாகத் தாக்குவதால் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. அருகிலுள்ள இதயத்தின் புலமோ ஒன்றில் மிகுந்தும் மற்றதில் குறைந்தும் விழுவதால் எஞ்சி நிற்கிறது. வலிமையைக் கொண்டு அன்று, அருகாமையைக் கொண்டே அக்கருவி குரலைப் பிரித்தறிகிறது.

இன்னொன்றும் உண்டு. மூளையை அளக்கும் வேளையில் அதே இதயத்தின் துடிப்பு, நீக்கப்படவேண்டிய இரைச்சலாகிவிடுகிறது! இதயம் குற்றம் ஏதும் செய்யவில்லை; அளப்பவரின் நோக்கம் மாறியது, அவ்வளவே.

நீக்கவே இயலாத இரைச்சலும் உண்டு. மின்சாரம் ஆற்றுநீர்போல ஒழுகுவதில்லை. கூரைமேல் விழும் மழைபோல, துளித்துளியாக, எலக்ட்ரான் எலக்ட்ரானாக வருகிறது. அதனால் எழும் இரைச்சலை ஷாட்கி 1918இல் ஆராய்ந்தார். துளி பெரிதானால் ஓசையும் பெரிதாகும். எனவே ஓசையை அளந்து துளியின் அளவை அறியலாம். 1997இல் இஸ்ரேலிலும் பிரான்சிலும் இரு குழுவினர், கடுங்குளிரிலும் வலிய காந்தப்புலத்திலும் வைத்த மெல்லிய எலக்ட்ரான் படலத்தின் இரைச்சலைச் செவிமடுத்தனர். அங்கே மின்னூட்டம் எலக்ட்ரானின் மூன்றில் ஒரு பங்காகப் பயணம் செய்வது தெரியவந்தது. மின்னோட்டத்தின் சராசரியை மட்டும் அளந்து, இரைச்சலைக் குப்பையென்று ஒதுக்கியிருந்தால் அவ்வுண்மை அவர்களுக்குப் புலப்பட்டிராது.

ஓரேபு மலையில் இறைவாக்கினர் எலியா ஆண்டவரைச் சுழற்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் காணவில்லை. மெல்லிய ஒலியில் கண்டார். இதிலிருந்து அமைதியின் மேன்மையை நாம் கற்கிறோம், அது நன்றே. ஆனால் எரிகோவின் வழியோரம் பர்த்திமேயு மெல்லப் பேசவில்லை, கத்தினார். இயேசுவைப் பின்சென்ற பக்தர்களே அவரை அதட்டி அடக்கினர். அவர்களுக்கு அது இரைச்சல். இயேசுவோ நின்றார், அவரை அருகே அழைத்தார், என்ன வேண்டும் என்று கேட்டார். அதன் பின்னரே அந்தக் கூச்சல் ஒரு விண்ணப்பம் என்பது கூட்டத்திற்கு விளங்கியது.

எங்கள் அன்பியக் கூட்டத்திற்கு வயது முதிர்ந்த கைம்பெண் ஒருவர் வருவார். மாதந்தோறும் இறைவார்த்தைப் பகிர்வின் நடுவே, இறந்த கணவரையும் பழைய வீட்டையும் பற்றித் தொடர்பின்றிப் பேசுவார். நாங்கள் பாடலைத் தொடங்கி அவரை நிறுத்திவிடுவோம். கூட்டக் குறிப்பை எழுதிய நான் அவர் பேச்சை ஒருமுறையேனும் எழுதியதில்லை. இரண்டு மாதம் அவர் வராதபோது வீட்டிற்குச் சென்று, திண்ணையில் அவரருகே அமர்ந்தேன். முதியோர் உதவித்தொகை நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. யாரேனும் ஒரு மனு எழுதித் தருவார்களா என்பதைத்தான், கேட்கக் கூசி, அத்தனை சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மனு எழுத அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது. அந்த அரைமணியை எங்கள் செபத்திற்கு இடையூறு என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

எல்லா ஓசைக்கும் செவிசாய்க்க மனிதனால் இயலுமா என்று கேட்கலாம். இயலாதுதான். கல்பாக்கத்து அறைக்கும் சுவர் உண்டு. எல்லாவற்றையும் கேட்க முனைபவர் எதையும் கேட்கமாட்டார். இயேசுவும் கூட்டத்தை விட்டுத் தனிமையான இடத்திற்குச் சென்று செபித்தார். சுவர் எழுப்புவது குற்றமன்று. யாரைச் சுவருக்கு வெளியே நிறுத்துகிறோம், அவர் அருகே ஒருமுறையேனும் சென்ற பிறகுதான் நிறுத்தினோமா என்பதே கேள்வி. தொலைவில் நின்றபடி ஒருவர் குரலை இரைச்சலென்று தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை.

இரவுச் செபத்திற்குமுன் ஆன்ம ஆய்வு செய்யும்போது, இன்று நாம் என்ன பேசினோம் என்று எண்ணிப் பார்க்கிறோம். யாருடைய பேச்சை நிறுத்தினோம் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்வோம்.