இரண்டு விண்ணப்பம், ஒரே ஆள்

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1701-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் முக்கிய வேலை, தேவாலயங்களுக்குப் போதகர்களைத் தயார்செய்வது. 1718-இல் கட்டடம் எழுப்பக் கையில் காசில்லை. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் முன்பு ஆளுநராக இருந்தபோது சொந்த வியாபாரத்திலும் கொழுத்தவரான எலைஹு யேல், ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் அரசர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பிவைத்தார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு தேறியது. கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அவர் ஆளுகையில் கோட்டைத் துறையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள் என்பது வரலாறு.

இன்று அதே யேலில் போதகர் பணிக்கான எம்.டிவ். பட்டத்தையும் எம்.பி.ஏ.வையும் சேர்த்துப் படிக்கலாம். தனித்தனியே படித்தால் ஐந்தாண்டு. சேர்த்துப் படித்தால் நான்கு. ஆனால் நுழைவு ஒரே வாசல் வழியாக இல்லை. இறையியல் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம், நிர்வாகவியல் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். இரண்டு குழுக்களும் தனித்தனியே படித்துப் பார்த்து, இரண்டும் சரி என்றால்தான் இடம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருசேர ஊழியம் செய்ய முடியாது என்று மலைப்பிரசங்கத்தில் எச்சரித்தவரின் பெயரால் நடக்கும் படிப்பு இது. விண்ணப்பிப்பவர் என்ன செய்வார்? ஒரு கட்டுரையில் இறை அழைப்பு, மற்றதில் தலைமைப் பண்பு என்று பிரித்து எழுதத் தோன்றும். புகுந்த வீட்டுக்கு ஒரு முகம், பிறந்த வீட்டுக்கு ஒரு முகம் என்கிற கதைதான். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு குழுவுக்கு எழுதியதை மற்றக் குழு படித்துவிடுமோ என்று நெஞ்சு படபடத்தால், அங்கே இருப்பது இரண்டு படிப்புகள் அல்ல, இரண்டு ஆட்கள்.

வேடிக்கை என்னவென்றால், யேல் நிர்வாகவியல் கல்லூரி சில ஆண்டுகள் கேட்ட கட்டுரைக் கேள்வி, வாழ்க்கையில் நீங்கள் எடுத்துக்கொண்ட மிகப் பெரிய அர்ப்பணிப்பு எது என்பது. பாதிரிப் பயிற்சிக்குப் போகிறவரிடம் கேட்கவேண்டியதை வியாபாரக் கல்லூரி கேட்டது!

கணக்கும் கடவுளும் ஒட்டாது என்பவர்கள் லூக்கா பாசியோலியை மறந்துவிடுகிறார்கள். 1494-இல் வெனிஸில் இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை விளக்கி அச்சில் ஏற்றிய அவர் ஒரு பிரான்சிஸ்கன் துறவி. காசைக் கையால் தொடாதீர்கள் என்று சீடர்களுக்கு விதி வைத்த பிரான்சிஸின் சபைக்காரர், வெனிஸ் வியாபாரிகளின் பேரேட்டைப் பாடமாக்கினார். கணக்கைக் கடவுள் பெயரைச் சொல்லித் தொடங்கவேண்டும் என்றும் அறிவுரை சொன்னார். பிள்ளையார் சுழி போட்டுப் புதுக்கணக்கு எழுதும் நம்மூர் மளிகைக்கடைக்காரருக்கு இது புதிதல்ல. சுழியைப் போட்டபின் உள்ளே எழுதுவது என்ன என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வி 2013-இல் லண்டனில் அப்பட்டமாக வெளிவந்தது. எண்ணெய் நிறுவனங்களில் பதினோரு ஆண்டு நிதி வேலை பார்த்துவிட்டுக் குருவானவர் ஜஸ்டின் வெல்பி. கேன்டர்பரி பேராயராக வந்த அவர், கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்த வோங்கா நிறுவனத்தைப் போட்டியிட்டே ஒழிப்போம் என்றார். கடன் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அவர் தலைமையிலான இங்கிலாந்துத் திருச்சபை துணை நிற்கும் என்பது திட்டம். மேடைப் பேச்சாக இல்லாமல், வட்டியின் கணக்குத் தெரிந்தவர் பேசிய பேச்சாக அது இருந்தது. மறுநாளே குட்டு உடைந்தது. வோங்காவுக்கு முதலீடு தந்த ஒரு நிதியத்தில் திருச்சபையின் பணமும் இருந்தது! நேரடியாக அல்ல, நிதியத்துக்குள் நிதியமாகச் சுற்றிப் போயிருந்தது. தொகை ஏறக்குறைய 75,000 பவுண்டு; திருச்சபையின் பல நூறு கோடிப் பவுண்டுச் சொத்தில் ஒரு துளி. வெல்பி சங்கடப்பட்டதை மறைக்கவில்லை. அதிலிருந்து முழுக்கக் கழன்றுகொள்ள மறு ஆண்டு ஆனது.

அந்தத் துளியைக் கண்டுபிடித்தது திருச்சபையின் கணக்கர்கள் அல்ல, ஒரு நிதி நாளிதழ்.