பழுதும் முடிவும்

ஒரு பொருள் பழுதாவதும் அது முடிந்துபோவதும் ஒன்றல்ல. ஆனால் நமது பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. வீட்டு மூலையில் இருக்கும் பழைய கணனி சில நாட்களாக இரைகிறது. பிறகு மெதுவாகிறது. ஒருநாள் அரை மணித்தியாலம் வேலை செய்துவிட்டுத் தானாகவே அணைந்துவிடுகிறது. உடனே வீட்டார் எல்லோரும் சேர்ந்து 'கணனி முடிஞ்சு போச்சு' என்று தீர்ப்பளித்துவிடுகிறோம். பெரும்பாலும் அங்கே பழுதானது உள்ளங்கையளவான ஒரு விசிறி மட்டுந்தான்.

அந்த விசிறியின் வேலை என்னவென்று அறிந்தால்தான் நமது தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பது விளங்கும். கணனியின் மூளையெனப்படும் புரொசெசர் உறிஞ்சும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் அறிமுகமான பென்டியம் 4 வகையில் பின்னர் வந்த சில சில்லுகள் 100 வாற்றுக்கும் அதிகமான வெப்பத்தைக் கக்கின. ஒரு முத்திரையளவான இடத்தில் எரியும் அந்த வெப்பத்தை அலுமினியத் தகடுகள் வாங்கிக்கொள்ள, 12 வோல்ற்றில் இயங்கும் சிறுவிசிறி அதனை ஊதி வெளியேற்றுகிறது. நிமிடத்துக்கு 2000 முறை சுழலும் ஒரு விசிறி, நாளுக்கு நான்கு மணித்தியாலம் இயங்கினால் ஒரே நாளில் 480,000 தடவை சுற்றிவிடுகிறது. அதன் அச்சிலே பூசிய எண்ணெய் ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்கிறது. தூசு படிகிறது. கடலோரக் கிராமமென்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. அச்சுத் தேய்ந்து உராயும் ஓசையைத்தான் நாம் இரைச்சல் என்கிறோம்.

இதற்கடுத்து நடப்பதுதான் கவனிக்கத்தக்கது. விசிறி தளர்ந்து வெப்பம் ஏறும்போது புரொசெசர் தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. வெப்பம் இன்னும் ஏறினால் முற்றாக அணைத்துவிடுகிறது. அந்த மந்தத்தைக் கண்டு நாம் 'பழசாப் போச்சு' என்கிறோம். அது தாங்கமுடியாத சூட்டிலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முயல்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை.

பரிகாரம் பெரியதல்ல. மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு மூடியைத் திறக்க வேண்டும். இதழ்களை விரலால் பிடித்துக்கொண்டு தூசைத் தூரிகையால் தட்ட வேண்டும். விசிறியின் அகலம் 80 மில்லிமீற்றரா 92 மில்லிமீற்றரா, வயர் மூன்றா நான்கா என்று பார்த்து அதே அளவில் ஒன்றை வாங்கி, காற்று முன்னர் வீசிய பக்கமே வீசும்படி பூட்ட வேண்டும். தகட்டையும் கழற்றியிருந்தால் பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகக் கொஞ்சம் வைக்க வேண்டும். ஒரு கிலோ நல்ல மீனுக்குக் கொடுக்கும் காசோடு காரியம் முடிந்துவிடும். ஆயினும் திருத்துமிடத்தில் அடிக்கடி கிடைக்கும் பதில் வேறு: "சேர், இதுக்கு ஏன் செலவழிக்கிறீங்க? புதிசொண்டு எடுங்களன்."

இந்தப் பதிலை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. புதிய கணனி குறைந்த மின்சாரத்தில் கூடிய வேலை செய்யும். பழையதோடு மல்லுக்கட்டும் நேரத்துக்கும் ஒரு விலையுண்டு. வசதியிருந்தும் பிள்ளைகளை ஓட்டை இயந்திரத்தின் முன்னால் இருத்தி அதற்குச் சிக்கனமென்று பெயர் வைப்பவர்களும் நம்மிடையே உண்டு. 'அல்-ஃபுர்கான்' அத்தியாயத்தின் 67ஆவது வசனம் அர்ரஹ்மானின் அடியார்களைப் பற்றிச் சொல்லும்போது, வீண்விரயம், கஞ்சத்தனம் ஆகிய இரண்டையும் விலக்கி நடுவழியைக் காட்டுகிறது. நாம் மேடைகளில் முதற்பாதியைப் பேசுகிறோம். கடைத்தெருவில் இரண்டாம் பாதியை மட்டும் நினைவுகூர்கிறோம்.

அப்படியாயின் நடுவழியை எப்படிக் கண்டுகொள்வது? புதியதன் விலையையும் திருத்தும் கூலியையும் ஒப்பிட்டால் போதுமா? போதாது என்பதே என் எண்ணம். அந்தப் பொருளிடத்தில் இன்னும் எவ்வளவு பயன் மிஞ்சியிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். பயன் மிஞ்சியிருக்க எறிவது விரயம். பயன் தீர்ந்த பிறகும் பிடித்துவைத்திருப்பது வெறும் பற்று. பொருள் நம்மிடத்தில் அமானிதம் என்று சொல்வது உண்மையானால், அந்தக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பும் நம்முடையதே. அதைக் கடைக்காரரிடமோ, செய்த கம்பனியிடமோ ஒப்படைத்துவிட முடியாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி நிறுத்தப்பட்டபோது, புதிய பதிப்பை ஏற்கமுடியாத எத்தனையோ கணனிகள் ஒரே நாளில் 'முடிந்தவை' ஆகின. அவற்றுக்குள் ஓர் ஆணிகூடக் கழன்றிருக்கவில்லை. லினக்ஸ் போன்ற வேறொரு இயங்குதளத்தை நிறுவினால் அவற்றில் பல இன்னும் ஓடும். அங்கே முடிந்தது ஒரு நிறுவனத்தின் அக்கறை மட்டுமே.

எறிந்த பொருள் எங்கே போகிறது என்பதும் இந்தக் கணக்கில் சேரும். 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 620 இலட்சம் தொன் என்றும், அதில் கால்பங்குக்கும் குறைவானதே முறைப்படி சேகரிக்கப்பட்டதென்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பழைய மதர்போட்களைப் பற்றவைத்த கலவையில் பெரும்பாலும் ஈயம் இருந்தது. செம்புக்காக வயரை எரிக்கும்போது எழும் நச்சுப்புகையை வேறு யாரோ சுவாசிக்கிறார்கள். நமது வசதியின் கடைசித் தவணையை அவர்கள் கட்டுகிறார்கள்.

திருத்துவது இல்லாதவனின் வேலை என்ற எண்ணம் நமது சமூகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பரணில் கிடந்த கணனிகளெல்லாம் இறங்கி வந்தன. 2022இல் செலாவணி நெருக்கடி வந்தபோது உதிரிப்பாகம் தேடி அலைந்தோம். கை கொஞ்சம் நிமிர்ந்ததும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது செருப்பைத் தாமே தைத்தார்கள், ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (றழி) அறிவித்திருக்கிறார்கள். மதீனாவில் அவர்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த வேலையைச் செய்து கொடுக்க எத்தனை தோழர்கள் ஓடிவந்திருப்பார்கள்! எனவே அது வறுமையின் செயல் மட்டுமாக இருந்திருக்க முடியாது. தாடியிலும் மிஸ்வாக்கிலும் சுன்னத்தைத் தேடும் நாம் அந்த ஊசியிலும் நூலிலும் அதைத் தேடியிருக்கிறோமா?

நமது அறிவு மரபிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. தியார்பக்கிரில் அர்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றிய அல்-ஜஸரி, 1206இல் பொறிகள் பற்றிய தமது நூலை முடித்தார். நீர்க்கடிகாரங்களையும் நீரிறைக்கும் பொறிகளையும் அளவுகளோடும் படங்களோடும் அதில் விவரித்தார். இன்னொரு கைவினைஞன் அதைப் பார்த்து அவற்றை மறுபடி செய்யலாம். பொருளோடு அதன் அறிவையும் கொடுப்பதே அந்த நேர்மை. திறக்கமுடியாதபடி பசைபோட்டு ஒட்டிய இன்றைய கருவிகளில் இல்லாமற்போனது அதுதான்.

எல்லாவற்றையும் என்றென்றும் திருத்திக்கொண்டிருக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மதர்போட் கருகிய பின்பு, உதிரிப்பாகம் கிடைக்காத பின்பு, இயந்திரத்துக்கு முடிவு உண்டு. அப்போது அதன் நினைவகத்தையோ மின்வழங்கியையோ இன்னொருவருடைய கணனிக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை உரிய சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பதே முறை.

இதை நான் விரித்துச் சொல்வதற்கு இயந்திரம் மட்டும் காரணமல்ல. இதே அவசரத் தீர்ப்பு எங்கள் வகுப்பறைகளிலும் வழங்கப்படுகிறது. 'இவன் மந்தம், சரிவரமாட்டான்' என்ற சொல் ஆசிரியர் அறையில் எவ்வளவு இலேசாகப் புழங்குகிறது! அந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் இருக்கலாம். காலையில் வெறும் வயிற்றோடு வந்திருக்கலாம். வாப்பா வெளிநாட்டில், உம்மா நோயில் என்று வீட்டுப் பாரம் முழுவதையும் பத்து வயதில் சுமக்கலாம். அவன் வேகம் குறைந்தது அறிவு குறைந்ததனால் அல்ல. தாங்கமுடியாத சூட்டில் இருப்பதனால். ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு வேளை உணவு, பெயர் சொல்லி அழைத்து ஒரு விசாரிப்பு என்று பரிகாரம் பல சமயங்களில் ஒரு விசிறியளவு சிறியதாகவே இருக்கிறது.

ஆனால் இங்கே ஒப்புமை நின்றுவிட வேண்டும். இயந்திரத்தைத் தீர ஆராய்ந்த பிறகு 'முடிந்தது' என்று சொல்லும் உரிமை நமக்குண்டு. மனிதப் பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்லும் உரிமை எந்த ஆசிரியருக்கும், எந்தப் பரீட்சைக்கும் தரப்படவில்லை. பொருள்களிடத்தில் 'எது பழுது' என்று கேட்காமலே எறிந்து பழகிய கை, ஆட்களிடத்தில் மட்டும் நின்று நிதானித்துக் கேட்கும் என்று நம்புவது கடினம். அதனால்தான் ஒரு பழைய கணனியின் மூடியைத் திறந்து பார்ப்பதற்குச் செலவாகும் அந்த ஒரு மணித்தியாலத்தை நான் வீண்நேரமாக எண்ணுவதில்லை.